ஒரு நாள் மட்டும் மாடி வாசம்

அரசாங்கத்தின் செலவிலேயே என் சமையலறைத் தரையைச் செப்பனிட்டுக்கொள்வது என்று உறுதி பூண்டேன். எங்கள் கேப் பிரெட்டன் தீவின் ஈரக்காற்று அத்தரையை அரித்துவிட்டது. சன்னல்களோ பனிக்காலத்தில் உட்புறமும் உறைந்தன. குறைந்த வருவாயினருக்கு வாடகைக்கு விட்ட வீட்டைப் பழுதுபார்க்க அரசு உதவும். உரிமையாளர் குடியிருக்கும் பகுதிக்கோ ஒரு காசும் கிடையாது. நாங்கள் இருந்தது கீழ்த்தளம். மாடியில்தான் மீன் ஆலையில் வேலை பார்க்கும் ரோடா வாடகைக்கு இருந்தாள்.

ஆகவே, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தளங்களை மாற்றிக்கொள்வது என்று திட்டமிட்டேன். வாழ்நாளெல்லாம் பிறர் விடைத்தாளில் பிழை கண்டவன் நான். என் திட்டத்தில் ஒரு பிழையும் காணவில்லை.

மனைவி எஃபி மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல யோசனைங்க! இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு எப்படித்தான் வெறும் வாத்தியாராவே இருந்தீங்களோ!"

"கிண்டலா?"

"ஐயோ, நெசமாத்தான். ஆனா செய்யறதைத் திருந்தச் செய்யணும். உங்க புத்தகமெல்லாம் மேல போகட்டும்."

"ஒரு நாளைக்கு எதுக்குடி புத்தகம்?"

"இத்தனை இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தா, இது ரோடா வீடுன்னு எவன் நம்புவான்?"

நியாயமாகவே பட்டது. புத்தகங்கள் சென்றன. பின்னர் கட்டில் சென்றது. என் சாய்வு நாற்காலியும் சென்றது. வெளிப்புறப் படிகள் பனியில் வழுக்க, அனைத்தையும் நானே சுமந்தேன்.

ஆய்வாளர் கில்லிஸ் வந்தார். ரோடா என் அடுப்பருகே அமர்ந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"இதுதானே சார் வாடகைக்கு விட்ட தளம்?"

"ஐயத்துக்கே இடமில்லை!" என்றேன்.

அவர் தரையை மிதித்தார், குதிகால் அமிழ்ந்தது. "கண்டிப்பா உதவி கெடைக்கும். ஆனா வேலை முடிஞ்சாலும் இந்தம்மா இதே தளத்துல, இதே வாடகையில இருக்கணும். வருஷா வருஷம் வந்து பார்ப்பேன். உங்க வீட்டம்மா போன்ல கேட்டப்பவே சொல்லியிருந்தேனே?"

மறுத்தால் பொய் அம்பலமாகும். ஊரில் பாதிப் பேருக்கு வாய்மை கற்பித்தவன் நான். புன்னகையுடன் அவரை வழியனுப்பிவிட்டு எஃபியிடம் திரும்பினேன்.

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டிருந்தே?"

"ரோடாவோட முழங்காலைப் பார்த்திருக்கீங்களா? அவளைக் கீழ குடிவைக்கலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்! 'பார்க்கலாம், பார்க்கலாம்'னீங்க. இப்பப் பார்த்தாச்சு."

"மாடியில உனக்கும்தானே குளிரும்?"

"கம்பளிக் காலுறை பின்னிட்டேன். உங்களுக்கும் ஒரு ஜோடி இருக்கு."

புதுத்தரை போட்டாயிற்று. அதன் கதகதப்பு கீழேயே நின்றுவிடுகிறது. ரோடா சுடும் ஓட்ஸ் ரொட்டியின் மணம் மட்டும் மாடியேறி வருகிறது. காய்கறிப் பையுடன் அந்தப் படிகளில் ஏறுகையில், அவள் இதே கைப்பிடியைப் பற்றியபடி பாதியில் நின்று மூச்சு வாங்கியது நினைவுக்கு வருகிறது. அன்றெல்லாம் நான் அடுப்பருகே இருந்தேன். பார்த்தும் இருந்தேன்.

ஆயினும் நேற்று கேட்டேவிட்டேன்.

"இன்னும் எத்தனை காலம்தான் எஃபி, நான் இந்தக் குளிர்ல கெடக்கறது?"

"ரோடா இருக்கற வரைக்கும்தாங்க."

ரோடா என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்; என்னைவிட இருபது வயது இளையவள்.