ஓடைப்பாலத்தில் நின்றுபோன வெளிச்சம்

துணிச்சலில் இரண்டு வகை உண்டு. யோசித்த பிறகு வருவது ஒன்று, யோசிக்கவே விடாமல் வருவது இன்னொன்று. எனக்கு வாய்த்தது இரண்டாவது. அது எனக்கு வந்த வருடம்தான் எங்கள் ஊர் கொட்டாரத்தில் ஒரு மாப்பிள்ளை, தன் கல்யாணத்துக்குத் தானே போய்ச்சேர வழியில்லாமல், பிள்ளையார் கோயில் வாசலில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவரை உட்கார வைத்தவள் நான்.

கொட்டாரம் முக்கில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, எங்களுக்கு ஒரு காஸ்லைட் வாடகைக் கடை இருந்தது. கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருநாள், இழவு வீடு, எதுவானாலும் சாயங்கால வெளிச்சம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். என் வீட்டுக்காரர் தாணு குந்தியிருந்து பம்ப் அடிப்பார். மேண்டில் வலை வெள்ளையாகப் பூத்து விளக்கு 'உஸ்' என்று சத்தம் எடுத்ததும், நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்புக்காகவே ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன். (மாமியார் கேட்டால் உப்பு வாங்கப் போனதாகச் சொல்வேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் சேர்ந்த உப்பை வைத்துத் தனியாக ஒரு கடையே போட்டிருக்கலாம்.)

பிறகு காலம் மாறத் தொடங்கியது. மகாராஜா ஆட்சி போயிற்று. மகாராஜா அச்சடித்த சக்கரக் காசு போய் ரூபாயும் அணாவும் வந்தன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று முக்குக்கு முக்கு கூட்டம் நடந்தது. (கூட்டத்துக்கு விளக்கு எங்களுடையது. ஆட்சி யாருடையதானாலும் இருட்டு எல்லாருக்கும் பொதுதானே!) இதையெல்லாம் கடை தாங்கிக்கொண்டது. கரண்டு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தெருவில் கம்பம் நட்டு, வசதியுள்ள வீடுகளில் பல்பு எரியத் தொடங்கியதும், எங்கள் விளக்குகள் கடைக்குள்ளேயே தூங்கின. கஞ்சிக்கே இழுபறி ஆனபோது இவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடை வேலைக்குக் கிளம்பினார்.

பஸ் ஏறும்போது சொன்னார்: "ஏட்டி பகவதி, நம்ம கடை மூணு பேருக்கும் கஞ்சி ஊத்துனா போதும். அன்னைக்கே நான் ஊருக்குக் கப்பல் ஏறிருவேன். கேட்டியா?"

கேட்டேன். அதற்குப் பிறகு வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இல்லாத ஏக்கத்தைத் 'தேடுது' என்று சொல்வோம். எனக்கு அவரைத் தேடியது. காலையில் கடை திறக்கும்போது தேடும், மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது தேடும், சாயங்காலம் நாகர்கோவில் பஸ் வந்து நிற்கும்போது கடை வாசலுக்கே வந்துவிடுவேன். கொழும்பிலிருக்கிற மனிதர் தந்தி கொடுக்காமல் இந்த பஸ்ஸில் வந்து இறங்க மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். பக்கத்தில் மாமியாரும் பார்ப்பார்.

"என்னட்டி, பஸ்ஸையே பாத்துட்டு நிக்கே?"

"இல்லத்தே, காத்து வாங்கிட்டு நின்னேன். நீங்க?"

"நானும் காத்துதான் வாங்குகேன்."

இப்படி மாமியாரும் மருமகளும் தினமும் நாகர்கோவில் பஸ்ஸின் புகையைக் காற்று என்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

இந்த நிலைமையில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. கரண்டு நம் கடையைச் சாப்பிட்டதென்றால் நாம் கரண்டையே கடையில் வைத்து விற்க வேண்டியதுதானே? காஸ்லைட்டுகளை விற்றுவிட்டு, வண்ண பல்புகளும் வயரும் வாங்கி, மின்சார அலங்காரம் தொடங்குவது என்று முடிவு செய்தேன். மாமியாரை உட்கார வைத்து ஒரு பிரசங்கமே செய்தேன்.

"காலம் மாறும்போது கடைக்காரங்கதான் முன்னால போணும் அத்தே. பயந்தா முடியுமா?"

மாமியார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "முன்னால போ. போற வழியில வெளிச்சம் இருக்கான்னு பாத்துக்கோ."

(அந்த ஒரு வாக்கியத்தில் என் எதிர்காலம் முழுவதும் இருந்தது. எனக்குத்தான் பிடிபடவில்லை.)

இராஜாக்கமங்கலத்தில் திருநாளுக்கு விளக்குப் போடுகிற ஒருவர் வண்டி கொண்டுவந்து அத்தனை காஸ்லைட்டையும் ஏற்றினார். இரண்டை மட்டும் மாமியார் தன் கட்டிலுக்கடியில் தள்ளி, முன்னால் உட்கார்ந்துகொண்டார். "இது ரெண்டும் அவன் மொத மொதல்ல வாங்குனது. எனக்கு அவனைத் தேடும்போ எடுத்துத் தொடைப்பேன். இதுல கைய வச்சா இருக்கு உனக்கு!" போகட்டும், பழைய காலத்து மனுஷி, நாம்தான் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விட்டுக்கொடுத்தேன். என் பெருந்தன்மையை நினைத்து இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அருமனையிலிருந்து சுகுமாரன் என்ற வயர்மேனைப் பிடித்தேன். முதல் வேலையும் உடனே வந்தது. அரிசி ஆலை பூதலிங்கம் அண்ணாச்சி வீட்டில் மகள் கல்யாணம்! அந்தத் தெருவில் முதலில் கரண்டு இழுத்த வீடு. அண்ணாச்சி சொன்னார்: "ஒரு காஸ்லைட்டு கண்ணுல படப்பிடாது பாத்துக்கோ. எல்லாம் கரண்டுதான். பாக்குகவன் வாயப் பொளக்கணும்." இந்தக் கல்யாணம் நன்றாக நடந்தால் சுற்றுவட்டாரத்துக் கல்யாணமெல்லாம் நமக்குத்தான், அடுத்த கப்பலில் இவர் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கொழும்புக்குக் கடிதம்கூட மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பொழுது சாய்ந்ததும் சுகுமாரன் சுவிட்சைத் தட்டினான். வீடு, பந்தல், வாழைமரம், மாமரம் எல்லாம் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. ஊரே உண்மையில் வாயைப் பிளந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது நாகசுரக்காரர் ஓட்டமாக வந்தார்.

"யம்மா, மாப்பிள்ளை பிள்ளையார் கோயில்ல ரெடியா நிக்காரு. ஊர்வலத்துக்கு லைட்டு எங்க?"

மாப்பிள்ளை ஊர்வலம்! காஸ்லைட் என்றால் ஆள் தலையில் ஏறி மாப்பிள்ளையோடு கூடவே நடந்து வரும். எங்கள் கடை விளக்குகள் எத்தனை மாப்பிள்ளைகளை அப்படிக் கூட்டி வந்திருக்கின்றன! பல்பு நடக்காது. காஸ்லைட் கடைக்காரியான எனக்கு, கல்யாணம் என்றால் பாதி வெளிச்சம் நடந்துதான் வர வேண்டும் என்ற விஷயம், அந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை.

"சுகுமாரா, அதுக்கென்ன! மாமரத்து பல்பையெல்லாம் அவுத்து மூங்கில்ல கட்டு. வயர நீட்டிக்கிட்டே கோயிலுக்குப் போவோம்," என்றேன். சொன்னேனே, யோசிக்க விடாமல் வருகிற துணிச்சல்.

மூங்கில்களைத் தூக்கிக்கொண்டு போனோம். பின்னால் வயர் பாம்பு மாதிரி ஊர்ந்து வந்தது. ஓடைப்பாலம்வரை போயிற்று. அங்கே விறைத்து நின்றது. அந்தப் பக்கம் கோயில், இருட்டு, மாப்பிள்ளை.

"அக்கா, வயரு எட்டாது கேட்டியளா," என்றான் சுகுமாரன்.

"கொஞ்சம் இழுத்துப் பாரு."

"இழுத்தா நீளுகதுக்கு இது சவ்வு முட்டாயியா அக்கா?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் இருட்டுக்குள்ளிருந்து கத்தினார். "எங்க பையன் தட்டுத் தடவிட்டு வரணுமோ? வெளிச்சம் வந்தா வாறோம். இல்லேன்னா கன்னியாரி பஸ் இருக்கு, போறோம்." சொல்லிவிட்டு மாப்பிள்ளையைக் கோயில் வாசலில் உட்கார வைத்தார்.

பஸ் என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் கடை, என் கடிதம், என் கப்பல் எல்லாம் அந்தப் பாலத்தடியில் போய்க்கொண்டிருந்தன. சுகுமாரன் கையிலிருந்த வயரைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்தேன்.

வயர் வந்தது. தாராளமாக வந்தது. அண்ணாச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முனை பியூஸோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பல்புகள் அணைந்தன, வீடு அணைந்தது, பந்தல் அணைந்தது. கும்மிருட்டில் பாத்திரம் உருளும் சத்தமும் அதற்குமேல் சமையல்காரரின் அலறலும் கேட்டன. பிரதமன் பாயச உருளியில் புளிசேரி மோர்க்குழம்பைச் சாய்த்துவிட்டாராம். (அந்தக் கலவையைக் குடித்தவர்கள் கொட்டாரத்தில் நெடுநாள் என்னோடு பேசவில்லை.)

நான் ஓடைப்பாலத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். கல்யாணம் நின்றுவிடுமே என்றுகூட அழவில்லை. இனி அவர் வரமாட்டார் என்று அழுதேன்.

அப்போது 'உஸ்' என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவர்தான் வந்துவிட்டார் என்று எழுந்தே விட்டேன்.

வந்தது மாமியார். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் எரிகிற காஸ்லைட். கையில் இன்னொன்று. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று குனிந்தேன்.

"எந்திரிட்டி. இதத் தலையில வச்சுக்கோ. அழுத கண்ணீர எண்ணெயா ஊத்த முடியுமா?"

அன்று பூதலிங்கம் அண்ணாச்சி வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்னால் மாமியாரும் பின்னால் மருமகளுமாக இரண்டே விளக்குகள் நடந்தன. ஒரு காஸ்லைட் கண்ணில் படக்கூடாது என்ற அண்ணாச்சி, வாசலில் நின்று அந்த இரண்டையும் பார்த்துக் கும்பிட்டார். மாமியார் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த நடையைப் பார்த்தால், மகனையே கூட்டி வருகிற மாதிரி இருந்தது.

என் மானம் கப்பலேறியது. நிஜமாகவே கப்பலேறியது. கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவர் கொழும்புக்குத் திரும்பிப் போய், இவர் வேலை பார்த்த கடை வாசலில் வைத்தே முழுக்கதையையும் நடித்துக் காட்டியிருக்கிறார்.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், நானும் மாமியாரும் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. பின்னால் இவர் இறங்கினார். தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். இவர் என்னைப் பார்த்து, அதே சிரிப்போடு சொன்னார்:

"வயரு எட்டலேன்னு கேள்விப்பட்டேன். அதான் நானே வந்துட்டேன்."

அதன் பிறகு நிற்கிற வெளிச்சத்துக்குக் கரண்டு, நடக்கிற வெளிச்சத்துக்குக் காஸ்லைட் என்று இரண்டையும் வைத்துக் கடையை நடத்தினோம். கஞ்சிக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் யார் என்ன திட்டம் போட்டாலும், நிலம் வாங்குவதோ பெண் பார்ப்பதோ, முதல் கேள்வி "வயரு எட்டுமா?" என்பதுதான். பேரன்வரை கேட்கிறான்.

என் வீட்டுக்காரர் கண்மூடிச் சில வருடங்கள் ஆயிற்று. இப்போதும் சாயங்காலம் கரண்டு போனால், உள்ளேயிருந்து மகன் கத்துவான்: "யம்மா, யாரு வயரப் புடிச்சி இழுத்தது? நீயா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு, அந்த இருட்டில், என் கண் தானாக வாசலுக்குப் போகும். எனக்குத் தேடும். வயர் எட்டாத இடத்திலிருந்து ஒரு தடவை வந்தவர்தானே அவர்.