செலின் ஏறினால் கத்தும் சைக்கிள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில், பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டு நகல் குமாஸ்தா கிறிஸ்துதாஸ் இரண்டு தீர்மானங்கள் செய்தார். ஒன்று, இனிமேல் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. இரண்டு, அதை மனைவியிடம் சொல்வதில்லை. முதல் தீர்மானத்தை எந்தப் புருஷனும் செய்துவிடுவான். இரண்டாவதில்தான் தம்முடைய மூளை வேலை செய்திருப்பதாக அவர் எண்ணினார்.

செலின்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் வைத்த மீன்குழம்பை நாலு தடவை குறைசொல்லக் கிளம்பி, நாலு தடவையும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு எழுந்தவர் அவர். சிக்கலெல்லாம் நேரத்தில் இருந்தது. ஜப்பான் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் பாதி நாள் வராது. செலின் பாரிவாக்கம் பெண்கள் பள்ளியில் டீச்சர். மூன்றாம் வகுப்பும், அதோடு ராட்டை வகுப்பும். ஒன்பதுக்கு மணி அடித்துவிடுவார்கள். வீட்டிலிருந்து இரண்டு மைல். ஆகவே எட்டேகாலுக்குச் சீட்டில் அவர், கேரியரில் அவள்.

அதே எட்டேகாலுக்குத்தான் காபி கிளப்புக்குப் பட்டணத்திலிருந்து இங்கிலீஷ் பேப்பர் வந்து சேரும். அதைப் பிரித்து, உரக்கப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லும் உத்தியோகம் பல வருஷமாகக் கிறிஸ்துதாஸுடையது. சம்பளம் கிடையாது. ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் இருபது டம்ளர்கள் வாய்க்குப் போகும் வழியில் நிற்கும். அவர் பாரிவாக்கம் போன முதல் நாளே எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சம்பத் என்கிறவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஜப்பான்காரன் முன்னேறிய இடத்திலெல்லாம் பின்வாங்கினான் என்று அர்த்தம் சொல்லியிருந்தான். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் கிறிஸ்துதாஸைச் சுட்டது.

அந்தச் சைக்கிள் சாதாரணமானது அல்ல. பரங்கிமலைப் பட்டாளத்தில் பந்தயம் ஓட்டிய ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. மற்ற சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். இதில் அந்தச் சலுகை இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும். பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். இறக்கத்தில் இறங்கும்போது கிறிஸ்துதாஸின் கால்கள் தையல் மிஷின் ஊசிபோல் மேலும் கீழும் பறக்கும். முகம் மட்டும் குமாஸ்தாவுக்குரிய நிதானத்தோடு இருக்கும்.

இப்படிப்பட்ட சைக்கிளுக்குச் செயின்தான் உயிர். தொங்கினால் கழன்று பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இறுகினால் முனகும். போதாக்குறைக்கு, துரை எங்கோ இடித்ததில் முன்னால் இருக்கும் பல்சக்கரம் மயிரிழை கோணல். அதனால் ஒரே சுற்றில் செயின் ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் தளரும். இறுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அரை அங்குலம் ஆடும்படி பின் சக்கரத்தை நகர்த்தி வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளவு பார்த்து வைத்துவிட்டால் போச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, வால் மிதிபட்ட பூனைமாதிரி, 'கீய்ங்' என்று கத்தும்.

அந்தக் 'கீய்ங்'தான் கிறிஸ்துதாஸின் திட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின் சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை ஒரு நெல்லளவு பின்னால் இழுத்து, மறுபடி முறுக்கினார்.

திங்கட்கிழமை தெரு தாண்டுவதற்குள் கத்திவிட்டது.

"இன்னாங்க சத்தம்?" என்றாள் செலின், கேரியரிலிருந்து.

"ஒண்ணுமில்ல."

கீய்ங்.

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி அழுவுது?"

"செயின். பாரம் தாங்கல போலருக்கு."

"என் பாரமா?"

"நான் அப்படிச் சொல்லல." கீய்ங். "செயின் சொல்லுது."

எதிரே தயிர்க்கூடையோடு வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். ஏரிக்கரை வந்ததும் செலின் இறங்கிக்கொண்டாள். "நீங்க போங்க, நான் நடந்துக்கிறேன்" என்றாள். கிறிஸ்துதாஸ் வருத்தப்படுகிற முகத்தோடு சைக்கிளைத் திருப்பினார். திரும்பிய வேகத்தில் அந்த வருத்தம் பின்தங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே கீய்ங், அதே ஏரிக்கரை.

செவ்வாய் சாயங்காலம் சோறு போடும்போது அவள் சொன்னாள்: "இன்னைக்கும் மணி அடிச்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் தாட்சாயிணி அம்மா ரிஜிஸ்டரை மூடி வெச்சிட்டாங்க."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. சிரிச்சாங்க. இன்னொரு நாள் லேட்டா வந்தா என் கிளாஸை வேற டீச்சருக்குக் குடுத்துடுவேன்னு சிரிச்சிக்கினே சொன்னாங்க."

கிறிஸ்துதாஸ் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவர் போட்ட திட்டத்தில் இது இல்லை. அந்த வேலை கிடைத்த அன்று செலின் சந்தோஷத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு ரசம் வைத்தது அவருக்கு நினைவிருந்தது.

"ஏழரைக்கே கிளம்பி நடந்தா என்ன? உடம்புக்கும் நல்லது" என்றார்.

"ஏழரைக்குக் கிளம்பினா உங்களுக்கு இட்லி யார் வெக்கறது?"

அவர் செம்பை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

புதன்கிழமை காலையில் சைக்கிளைத் துடைப்பதற்காகக் கொட்டகையிலிருந்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கீய்ங் என்றது. வேறு சைக்கிளாக இருந்தால் தள்ளும்போது செயின் சும்மா கிடக்கும். இதில் சக்கரம் உருண்டால் செயினும் ஓடும், பெடலும் யாரோ மிதிப்பதுபோல் தானே சுற்றும். கீய்ங், கீய்ங் என்று கத்திக்கொண்டே அது சமையற்கட்டைத் தாண்டியது. ஜன்னலில் செலினின் முகம் தெரிந்தது. சைக்கிளைப் பார்த்தாள். காலியாக இருந்த கேரியரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இட்லி வெந்துடுச்சி, சாப்பிட வாங்க. நான் இன்னைக்கு நடந்தே போறேன்" என்றாள்.

எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டார் கிறிஸ்துதாஸ். அவள் விடியற்காலையில் எழுந்து இட்லி வைத்து, ஏழரைக்குக் கிளம்பினாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காபி கிளப்பில் ஜப்பான்காரன் முறைப்படி முன்னேறினான். சம்பத் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான்.

சனிக்கிழமை பிற்பகல். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். செலின் ஒரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தச் செயின் சமாசாரம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ராட்டைக் கயிறு மாதிரியா? அது தொங்குனா கதிர் சுத்தாது, இறுகுனா சக்கரம் முனகும்."

கிறிஸ்துதாஸ் சிரித்தார். "ராட்டை எங்க, சைக்கிள் எங்க? இது சயின்ஸ்."

"சொல்லுங்களேன்."

யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. காபி கிளப் குரல் வந்துவிட்டது. "இதோ பார், பெடலைக் கையால மெள்ளச் சுத்தணும். விரலைச் செயின்மேல வெச்சிக்கினே சுத்தணும். விறைப்பா ஆவுற இடம் ஒண்ணு வரும். அங்க நிறுத்தணும்."

"நிறுத்திட்டு?"

"அங்க அரை அங்குலம் ஆடணும். ஆடலேன்னா சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளணும்."

"தளர்ந்த இடத்துல அளந்தா?"

"மக்குதான் அங்க அளப்பான்" என்றார் கிறிஸ்துதாஸ். சொன்ன பிறகு பஜ்ஜி ஒரு விநாடி கசந்தது.

"நட்டு எந்தப் பக்கம் திருப்பணும்? ரெண்டு பக்கமும் ஒரே அளவா?"

"ஒரே அளவு. இல்லேன்னா சக்கரம் கோணிக்கும்."

"அடேங்கப்பா" என்றாள் செலின்.

பதினாறு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவர் இன்னும் அரை மணி நேரம் விளக்கினார்.

திங்கட்கிழமை அவள் கைப்பையோடு வந்து நின்றாள். "நடந்து நடந்து கால் நோவுது. கேரியர்லயே வரேன்."

வரட்டும், ஏரிக்கரைவரைதானே என்று ஏற்றிக்கொண்டார். தெரு தாண்டியது. தோப்பு தாண்டியது. ஏரிக்கரையும் தாண்டியது. சைக்கிள் மூச்சுவிடவில்லை. ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது.

"என்ன செலின், இளைச்சிட்டியா?" என்றார், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"வேலை போயிடுமோங்கற கவலைதான்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் சக்கரத்தை மறுபடி ஒரு நெல்லளவு இழுத்து வைத்தார். மறுநாள் காலை செலின் ஏறினாள், சத்தமில்லை. இரண்டு நெல்லளவு இழுத்தார், சத்தமில்லை. வெள்ளிக்கிழமை பெடலைச் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கிவிட்டுப் படுத்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள் உண்டு என்றாள் செலின். ஏறினாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. துரையின் சைக்கிள் தம்மைவிட்டுத் தம் மனைவியின் கட்சிக்குப் போய்விட்டதாகவே கிறிஸ்துதாஸ் நம்பத் தொடங்கினார். ஆனாலும் பழக்கதோஷம். சனி சாயங்காலமும் இறுக்கிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஐயப்பன்தாங்கலில் ஒரு மாந்தோப்பில் சீட்டாட்டம். வழக்கமாக அவர் கேரியரில் வருகிறவர் தவிட்டு மண்டி துலுக்கானம். அவர் மண்டி மூட்டைகளில் ஒன்று வேட்டி கட்டிக்கொண்டு வருவதுபோல் இருப்பார். துலுக்கானம் ஏறி உட்கார்ந்தார். கிறிஸ்துதாஸ் மிதித்தார்.

கீய்ங்.

"இன்னா மாமே, கத்துது?"

"செயின்."

கீய்ங்.

"உங்க ஊட்டம்மா ஏறுனாலும் இப்டித்தான் கத்துதா?"

கிறிஸ்துதாஸ் யோசித்தார். "இல்ல."

"நேத்து?"

"நேத்து சும்மாதான் போச்சு."

துலுக்கானம் குனிந்து தம் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். சைக்கிள் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. "எறக்கி வுடு நைனா" என்றார் கடைசியில். "நாந்தான் கனமா கீறேன். எவன் காதுலனா உழுந்துச்சுன்னு வையி, துலுக்கானம் ஏறுனா சைக்கிளு அழுவுதுன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிவானுங்க."

"கனமெல்லாம் இல்ல துலுக்கானம்."

"பின்ன இன்னாத்துக்குக் கத்துது, சொல்லு."

உண்மை கிறிஸ்துதாஸின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் அதைச் சொன்னால், நாளைக் காலை காபி கிளப்பில் பேப்பருக்கு முன்னால் அந்தச் செய்திதான் படிக்கப்படும். அவர் சைக்கிளை நிறுத்தினார். துலுக்கானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடி அடியாகத் தம் கனத்தை நினைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

தனியாகச் சீட்டாடப் போக மனம் வரவில்லை. கிறிஸ்துதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். கேரியர் காலி. சீட் காலி. கீய்ங் என்றது சைக்கிள். பத்தடி நடந்தார். கீய்ங். அப்படியே நின்றுவிட்டார். சமையற்கட்டு ஜன்னலில் தெரிந்த முகம் கண்முன் வந்தது. அடுத்து பஜ்ஜித் தட்டு வந்தது. அதற்கடுத்து, தினமும் காலையில் தாம் கிணற்றடியில் கால் மணி நேரம் குளிப்பது வந்தது. கடைசியாக 'அடேங்கப்பா' வந்தது.

"சீக்கிரம் வந்துட்டீங்களே?" என்றாள் செலின் வாசலில்.

"உடம்பு சரியில்ல."

"துலுக்கானம் அண்ணனுக்கா?"

"சைக்கிளுக்கு."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள்.

அவர் அவளைக் கேட்க முடியாது. நீ எதற்காகச் செயினைத் தளர்த்தினாய் என்று கேட்டால், நீங்கள் எதற்காக இறுக்கினீர்கள் என்று அவள் கேட்பாள். எந்தக் கோர்ட்டிலும் ஜெயிக்காத வழக்கு அது. எத்தனை வழக்குகளுக்கு நகல் எடுத்தவர், அவருக்குத் தெரியாதா? தேநீர் வந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். குடித்துவிட்டு, அவள் பார்க்கும்படியே வாசலில் உட்கார்ந்து, பெடலை மெள்ளச் சுற்றி, இறுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அரை அங்குலம் விட்டு நட்டுகளை முறுக்கினார்.

மறுநாள் காலை நன்றாக இருந்தது. ஏரியில் மிச்சமிருந்த தண்ணீர் வெயிலில் மின்னியது. செலின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இறக்கத்தில் அவர் கால்கள் பறந்தபோது இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். ஒன்பதேகாலுக்குக் காபி கிளப் போனால்தான் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சம்பத் முதலில் படிக்கட்டும். பிறகு தாம் போய், இருபது பேர் முன்னால் வரிவரியாகப் பிழை திருத்தலாம். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் பெரிய உத்தியோகம்.

பள்ளிக்கூட வாசலில் செலின் இறங்கினாள். குனிந்து செயின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"வலது பக்கத்து நட்டு இன்னும் கால் சுத்து வேணும்" என்றாள். "முறுக்கிட்டுப் போங்க, வழியில கழண்டுடப் போவுது."

கிறிஸ்துதாஸ் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முறுக்கினார். வாசற்படியில் தாட்சாயிணி அம்மாள் ரிஜிஸ்டரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லையே செலின்" என்றார் அவர். "நீங்க சொல்லிக்குடுத்ததை உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் புரிஞ்சிக்கிட்டிருக்கார்."