பஞ்சர்க் கடைப் பொருத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. ஞாபகமும் முன்னே பின்னே ஆகிவிடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒன்றை அடித்துச் சொல்வேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இத்தனை கம்பெனி இருக்கிறதே, அத்தனை கம்பெனி ஜனத்திலும் எங்கள் பொருத்தம் மாதிரி ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

மண்ணூர் பக்கம், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நான் இட்லிக் கடை போட்டிருந்தேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவர் பஞ்சர்க் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எதைப் பார்த்தாலும் "பாத்தியாக்கா பொருத்தத்த" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

உலகத்தில் எதுவும் சும்மா நடப்பதில்லை என்பது அவர் கட்சி. காற்றடிக்க வந்த இரண்டு பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தால், காற்று பிறகுதான், முதலில் அவர்களுக்குள் உறவு கண்டுபிடிப்பார். பிண ஊர்வலம் போய், அதன் பின்னாலேயே கல்யாண வேனும் போனால் அன்றைக்குக் கடையை மூடிவிடுவார். எங்கள் ரோட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததுதான் குறைவு.

ஒரு நாள் எனக்கு கேஸ் தீர்ந்தது, இட்லித் துணி கிழிந்தது, குடைக் கம்பியும் ஒடிந்தது.

"மூணும் ஒரே நாள்ல. ஒன் ஒடம்புல இன்னாவோ கீதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போ" என்று உயிரை எடுத்தார்.

போனேன். சர்க்கரை இருந்தது. "உங்க வயசுல யாருக்கும்மா இல்ல" என்றார் டாக்டர். பொருத்தம் விடுவாரா. காற்றடிக்க வந்தவர்களிடமெல்லாம் என் சர்க்கரையைச் சொல்லிப் பெருமைப்பட்டார். கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத லாரி டிரைவர்கள்கூட, "சக்கரையம்மா, ரெண்டு இட்லி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு நாள் ஒரே கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டிலும் பின்சக்கரம். இரண்டிலும் ஒரே மாதிரி ஆணி.

"பாத்தியா. இது சும்மாவா நடக்கும்?" என்றார் பொருத்தம்.

"சும்மா இல்லண்ணே. ஆணி போட்ட கை ஒண்ணு. அது ஒன் கை" என்றான் ஒருவன். கடையே சிரித்தது.

உண்மை எனக்குத் தெரியும். கம்பெனிகளில் சரக்கு அடுக்குகிற மரச் சட்டங்கள் உடைந்துபோனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியெல்லாம் ஆணி சிந்திக்கொண்டே போகும். காலையில் கடை வாசலைப் பெருக்கினால் எனக்கே கைப்பிடி ஆணி வரும். பொருத்தம் ஆணி போட்டதில்லை. கிடந்த ஆணியை எடுத்ததும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னால் இருந்த லேடீஸ் ஹாஸ்டலிலிருந்து ஜெபா, மாரி என்று இரண்டு பெண்கள் சாப்பிட வருவார்கள். இரண்டும் தெற்கத்திப் பிள்ளைகள். வேறு வேறு ஊர், இங்கே வந்துதான் பழக்கம். ஒரே ரூம், கம்பெனியிலும் ஒரே லைனில் வேலை. ஒரு நாள் ஜெபா, பிறந்தநாள் என்று மிட்டாய் நீட்டினாள். "ஏட்டி, எனக்கும் இன்னைக்குத்தாம்லா" என்றாள் மாரி. வருடமும் ஒன்றாகவே இருந்தது.

பொருத்தம் கையிலிருந்த ட்யூபைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஒடம்புதான் ரெண்டு. தலையெழுத்து ஒண்ணு. ஒருத்திக்கு இன்னா நடக்குதோ, அதேதான் அடுத்தவளுக்கும் நடக்கும்."

"அப்பம் மாப்பிள்ளையும் ஒண்ணுதானா அண்ணாச்சி?" என்று மாரி கேட்டாள். மாவுக் கரண்டியோடு நானும் சிரித்தேன்.

அந்த மழைக்காலத்தில், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்த மாரியை ஒரு கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

மாரியின் ஊருக்குப் போய் அடக்கம் முடிந்து திரும்பிய ஜெபா சாப்பிடவில்லை. வேலைக்கும் போகவில்லை. தட்டு, டம்ளர், நல்ல சுடிதார் எல்லாவற்றையும் பக்கத்து ரூம் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். "ஊருக்காவது போம்மா" என்றேன்.

"வழியில பஸ்ல வச்சு நடந்தா மத்தவங்களும்லா சாவாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "ஆச்சி, எனக்கு எப்பம்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதியளா? அவங்க சொன்னா பலிக்கும்லா. ஒங்க சக்கரையவே சொன்னாங்களே" என்றாள்.

பொருத்தத்திடம் போய்ச் சொன்னேன். டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை கடை நிறைய ஆட்கள். ஜெபாவை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தேன். அவள் முன்னால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பொருத்தம் வந்து நடுவில் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ரோட்டுல ஆணி போட்டது நான்தான்."

சிரித்தார்கள்.

"மெய்யாலுமே சொல்றன். நான் போடுவன், நீங்க தள்ளிக்கினு வருவீங்க. பொருத்தம் கிருத்தம் எல்லாம் யாவாரத்துக்கு உட்ட கத." ஜெபா பக்கம் குனிந்தார். "இந்தக்கா சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிக்கினே இருந்துச்சி. அதப் பாத்துதான் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னன். ஒனக்குச் சொன்னதும் வாய்க்கு வந்ததுதாம்மா. ஒரே நாள்ல பொறந்தீங்க, அவ்ளோதான். அன்னிக்கு ஊரு ஒலகத்துல எவ்ளோ பேரு பொறந்தாங்களோ."

"அப்பம் மாரி?"

"மழ. லாரிக்காரன் பாக்கல. வேற ஒண்ணுமே இல்ல."

அதற்குள் முதல் அறை விழுந்துவிட்டது. "பொண்டாட்டிய பிரசவத்துக்கு இட்டுக்கினு போறப்ப பஞ்சர் ஆச்சேடா பாவி" என்று ஒருவன் அடித்தான். ஓ.டி. காசு போனவன், இன்டர்வியூ தவறியவன் என்று வரிசையில் வந்தார்கள். பொருத்தம் கையைக்கூடத் தூக்கவில்லை. ஜெபா அழுதாள். அடக்கத்தில்கூட அழாத பெண். அழுதுகொண்டே இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். ஒரு பக்கம் அடி, ஒரு பக்கம் அழுகை, நடுவில் ஒருவன் சட்னி கேட்கிறான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

எல்லோரும் போன பிறகு வாய் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். ரத்தமாக வந்தது.

"ஏம்ப்பா இந்தப் பொய்? அப்ப நீ எதையும் நம்பலயா?"

"நம்புறன்க்கா" என்றார். "அதான் பயமா கீது."

ஜெபா வேலைக்குத் திரும்பினாள். அவள் ரோட்டைக் கடக்கிற நேரமெல்லாம் பொருத்தம் இரும்பு ராடைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் நிற்பார். லாரிகள் கிறீச்சிட்டு நிற்கும். டிரைவர்கள் அவர் அம்மாவிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று ஜெபா கேட்டபோது, "கிராக்கி புடிக்கிறன்மா" என்றார். ஆணி போட்டவன் கடைக்கு எந்தக் கிராக்கி வரும்? மழையிலும் நின்றார், காய்ச்சலோடும் நின்றார்.

ஜெபாவுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகி, கிளம்பிப் போனாள். அதன் பிறகு அவரும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். வாலாஜாபாத் பக்கம் என்றார்கள். பழைய நம்பருக்குப் போன் போகவில்லை.

இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. உண்டென்றால், இரண்டில் ஒரு பிள்ளையை மட்டும் எடுத்ததற்கு என்ன அர்த்தம் என்று யாரைப் போய்க் கேட்பது. ஜெபாவுக்கு இப்போது பெண் குழந்தை. இனி தாங்குவாள் என்று அவர் ஆணி போட்டதே இல்லை என்பதைப் போனில் சொன்னேன். "இதயெல்லாம் எழுதுங்க ஆச்சி" என்றாள்.

நான் எழுதியதில் முன்னே பின்னே இருக்கும். வாலாஜாபாத் பக்கம் யாராவது அவரைப் பார்த்தால் விவரம் சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஆனால் அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அந்த ஆள் இன்னும் பயந்துகொண்டிருப்பார். ஜெபா உயிரோடு நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.