பருப்பு சூப்புக்குப் பதினாலு திட்டு

“பதினேழாம் பக்கம் மட்டும் காலியா இருக்கு தம்பி,” என்றாள் அக்கா போனில்.

அவன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் வரைபவன். அந்த நேரத்தில் ஒரு கதவு வரைந்துகொண்டிருந்தான். கதவுக்கும் சுவருக்கும் நாலு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். போனை எடுத்த வேகத்தில் அது நாற்பதாகிவிட்டது.

அக்கா அவனுடைய அக்கா இல்லை, மனைவியின் அக்கா. மனைவி தவறிப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா மட்டும் அவனை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவள். எதையும் கெடு வைக்காமல் சொல்லமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு அறுபதாவது பிறந்தநாள். கடையில் வாங்கிய பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அக்கா அறிவித்திருந்தாள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சமையல் குறிப்பு ஒன்றைக் கெட்டிக் காகிதத்தில் கைப்பட எழுதித் தர வேண்டும். அதற்கான சாமான்களைக் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கடுக்காகப் போட்டு, மூடிக்குத் துணியில் தொப்பி கட்டிக் கொண்டுவர வேண்டும். எழுதியதையெல்லாம் ரிப்பனில் கோத்து ஒரே புத்தகமாக அம்மா கையில் கொடுப்பது. பதினாறு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“உங்க பேர்ல ஒண்ணும் வேண்டாம். அவ பேர்ல ஒண்ணு வேணும். அவ பக்கம் மட்டும் வெள்ளையா இருந்தா அம்மா மத்த பதினாறையும் பாக்க மாட்டாங்க. அதையேதான் பார்த்துட்டு இருப்பாங்க.”

அது அவனுக்கும் தெரியும்.

“அவ எதையும் எழுதி வெக்கலக்கா. ஒண்ணே ஒண்ணு இருக்கு. பருப்பு சூப்பு. போன்ல பேசி அனுப்பினது.”

“எத்தனை?”

“பதினாலு.”

“கேட்டு எழுத என்ன கஷ்டம். நாளைக்குக் காலைல அனுப்பிடுங்க.”

கல்யாணமான முதல் வருடம் அவள் மூன்று வாரப் பயிற்சிக்கு வேறு ஊர் போயிருந்தாள். சூப்பை நானே வைத்துப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னான். ஒரு மதியம் முழுக்க, ஒன்று மாற்றி ஒன்றாக, பதினாலு குரல் பதிவு வந்தது. அன்றிலிருந்து வீட்டில் சமையல் அவன் பொறுப்பு, மேற்பார்வை அவள் பொறுப்பு. நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டபடி குறை சொல்வாள். சமையலில் அவள் வைத்ததே சட்டம்.

அந்தப் பதினாலையும் அவன் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அவனே வாரத்துக்கு ஒரு தடவைதான் கேட்பான். அடிக்கடி கேட்டால் தேய்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. போனில் இருப்பது தேயாது என்றும் தெரியும்.

அன்று சாயந்திரம் வரைபடம் எடுப்பதுபோல் ஒன்று விடாமல் எழுதினான்.

‘முதல்ல முடியைக் கட்டு.’ அப்போதே அவன் தலையில் பாதி காலி. கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருந்தான். அதையும் எழுதினான்.

‘பருப்பு அந்தக் கப்புல ஒன்றரை. மூணு தடவை கழுவு. கழுவிட்டேன்னு பொய் சொல்லாத, உன்ன எனக்குத் தெரியும்.’

‘பூண்டு சிவக்கணும், கருகக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் நீதான்.’

‘கழுதை வயசாச்சு, இன்னும் தீயைக் குறைக்கத் தெரியல.’

‘மூக்கால அழாம கிளறு.’

இப்படிப் பதினாலு. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். பத்தே நிமிடத்தில் சிவப்பு மையில் திருத்தி வந்துவிட்டது. மீதி இருந்தது ஐந்து வரி. பருப்பைக் கழுவவும். வேகவைக்கவும். பூண்டைச் சிவக்க வதக்கவும். கலக்கவும். சூடாகப் பரிமாறவும்.

“இதுல அவ எங்கக்கா?”

“மேல பேர் போட்டிருக்கேனே.”

“மருந்து பாட்டில்ல போட்ட மாதிரி இருக்கு.”

“அதுக்காக அம்மா பிறந்தநாள் அன்னிக்குப் புத்தகத்துல கழுதை வரலாமா?”

“கழுதை வயசாச்சுன்னுதான் சொல்லியிருக்கா.”

“எப்படி வந்தாலும் கழுதை கழுதைதான் தம்பி. சரி, உங்களுக்காக ரெண்டு திட்டு விடறேன். லேசானதாப் பார்த்து எடுங்க.”

அவன் ஒரு மணி நேரம் தேடினான். லேசானது ஒன்றும் இல்லை. தவிர, எந்தத் திட்டைப் பிடித்து இழுத்தாலும் கூடவே சூப்பும் வந்தது.

அடுத்து அக்காவுக்குக் கப்பு பிரச்சினையாகிவிட்டது. “அந்தக் கப்புன்னா எந்தக் கப்பு? படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

கைப்பிடி போன கப்பு. அவன் அதைத் தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றி அளந்து, மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒன்று, குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒன்று, மூன்றையும் நிஜ அளவில் வரைந்து அனுப்பினான். உடைந்த இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான்.

“தம்பி, இது சமையல் புத்தகம். இதுல யாரும் ஏறி மூணாவது மாடிக்குப் போகப் போறதில்ல.”

வியாழன் மதியம் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. காகிதத்தில் படிப்பதால்தான் அக்காவுக்குத் திட்டாகத் தெரிகிறது. குரலைக் கேட்டால் புரிந்துவிடும். மூன்றே மூன்று பதிவு, தனக்கு ரொம்பப் பிடித்தவை, அக்காவுக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்தான். போனில் அக்கா முகம் இருந்த இடத்தைத் தொட்டு அனுப்பினான்.

அது அக்கா இல்லை. பிறந்தநாளுக்காக அக்கா ஆரம்பித்த குடும்பக் குழு. முகப்பில் வைக்கத் தன் படத்தைவிடப் பொருத்தமான படம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்து மூன்று பேர். ரகசியம் என்பதால் மாமனாரும் மாமியாரும் மட்டும் இல்லை.

முதலில் பெரியப்பாவிடமிருந்து, அதாவது மாமனாரின் அண்ணனிடமிருந்து, அழும் முகம் ஒன்று வந்தது.

அவன் பதறி அழித்தான். இரண்டு அழிந்தன. மூன்றாவதற்குக் கை தவறி ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தொட்டுவிட்டான். இப்போது அது அவனுக்கு மட்டும் தெரியவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்தது.

இருந்ததிலேயே அதுதான் மோசம்: ‘உனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குச் சுவத்துக்குச் சொல்லிக் குடுக்கலாம். அதுவாவது எதிர்த்துப் பேசாது.’

அழித்த இரண்டில் என்ன இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். இதைவிட மோசமாக இருந்ததால்தான் அழித்திருக்கிறான் என்று மனைவியின் சித்தி எழுதினாள்.

மதியம் முழுக்க யோசித்தான். ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டால் தப்பாகத்தான் தெரியும். முழுசாகக் கேட்டால் அவள் எப்படிப் பேசுவாள் என்று புரியும். ஒரு வருடமாகத் தனக்கென்று வைத்திருந்ததைக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அவளைப் பற்றி நாற்பத்திரண்டு பேர் தப்பாக நினைப்பதைவிட இது பரவாயில்லை. பதினாலையும் வரிசையாக அனுப்பினான். கீழே, ‘அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள், எனக்கு அது பிடிக்கும்’ என்று எழுதினான்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை.

“எப்போதும் இப்படித்தானா?” என்றார் பெரியப்பா. “நாலு வருஷம். ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லலையே தம்பி.”

“ஐயோ, விளையாட்டுக்குப் பெரியப்பா.”

“விட்டுக் குடுக்காம பேசறீங்க பாருங்க. எங்க வம்சத்துல இப்படி ஒரு ஆம்பளை இல்ல.”

சித்தி நேராக விஷயத்துக்கு வந்தாள். “சாப்பாடாவது ஒழுங்காப் போட்டாளா?”

“நான்தான் சித்தி சமைப்பேன்.”

“கடவுளே,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த அரை மணியில் அந்தச் செய்தியும் குழுவில் வந்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால் பெருந்தன்மை என்றார்கள். சொல்லாமல் இருந்தால் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை என்றார்கள். அலுவலகத்தில் லிஃப்ட் கதவு அப்படியே திறந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். “எல்லாரும் ஒண்ணு சொல்லிட்டாங்க. அம்மா காதுக்கு இது போகக் கூடாது. தம் பொண்ணு புருஷனை இப்படிப் பேசினான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. பதினேழாம் பக்கத்தை நானே எழுதிட்டேன்.”

அவன் வாங்கிப் படித்தான்.

‘என்னங்க, பருப்பைக் கழுவிட்டீங்களா? கை வலிக்குதா? மெதுவாக் கிளறுங்க. என்னங்க, பூண்டு வாசனை வருதா?’

“மொத்தம் ஒன்பது என்னங்க இருக்குக்கா.”

“எண்ணிட்டீங்களா.”

“அவ ஒரு நாள்கூட என்ன அப்படிக் கூப்பிட்டதில்ல.”

“கூப்பிட்டிருந்தா என்ன குறைஞ்சிருப்பா? உங்களுக்கும் மரியாதை, அவளுக்கும் மரியாதை.”

“இதுக்கு வெள்ளைப் பக்கமே தேவலைக்கா.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த பருப்புப் பாட்டிலை எடுத்துத் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை அவன் ஒரு மணி நேரம் முன்னாலேயே மாமியார் வீட்டுக்குப் போனான். கூடத்து மேஜையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன, தொப்பி போட்ட பிள்ளைகள் மாதிரி. நடுவில் புத்தகம். அக்கா கேக் எடுத்துவர உள்ளே போன நேரம் பார்த்து ரிப்பனை அவிழ்த்தான். ஒன்பது என்னங்கவையும் உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். தான் எழுதியதைச் சொருகினான். அக்கா பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்டிருந்தாள். அவனுக்குத் தெரிந்தது லிஃப்டின் கம்பி வடத்துக்குப் போடும் முடிச்சு ஒன்றுதான்.

உறவினர்கள் வர ஆரம்பித்தார்கள். அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்து தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்தார். சித்தி கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைத்தாள்.

“சாப்பிடுங்க. இங்க யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவன் சாப்பிட்டான். வேறு வழியில்லை.

மாமியார் வந்து சோபாவில் உட்கார்ந்தார். இந்த ஒரு வருடத்தில் பேச்சே குறைந்துவிட்ட மனுஷி. அக்கா புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். வைத்த பிறகுதான் முடிச்சைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கேக்கைப் பார்த்தான்.

“முடிச்சை யார் போட்டது? கத்தரிக்கோல் குடுங்க,” என்றார் மாமியார்.

ரிப்பன் போனது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். “முட்டையை அடிச்சு வெச்சுட்டு அப்புறம் மாவைச் சலிக்கச் சொல்லுது. உருப்படும்,” என்றார் ஐந்தாம் பக்கத்தில். யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் உப்பே இல்லை என்றார். அந்தப் பக்கத்தை எழுதியது சித்தி. சித்தி சிரிக்கவில்லை.

பதினேழு வந்தது. மேலே இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

“முதல்ல முடியைக் கட்டு.”

அக்கா பாய்ந்து வந்தாள். “அம்மா, அது அச்சுப்பிழை.”

“கையால எழுதினதுல என்னடி அச்சுப்பிழை?” என்று கேட்டுவிட்டு மாமியார் மேலே படித்தார். “பருப்பு அந்தக் கப்புல ஒன்றரை. மூணு தடவை கழுவு. கழுவிட்டேன்னு பொய் சொல்லாத, உன்ன எனக்குத் தெரியும்.”

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். புத்தகம் தானாக மூடிக்கொண்டது. அவர் அதைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார்.

“பூண்டு சிவக்கணும், கருகக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் நீதான். கழுதை வயசாச்சு, இன்னும் தீயைக் குறைக்கத் தெரியல...”

சுவர் வந்தது. மூக்கால் அழுவது வந்தது. பதினாலும் வந்தது, வரிசை மாறாமல். வாராவாரம் கேட்டவன் அவன். மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை. பெருங்காற்றில் கதவைப் பிடிப்பதுபோல் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாமியார் முடித்ததும் பெரியப்பா எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எங்க பொண்ணு சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். கட்டின புருஷனை அவ இப்படியெல்லாம் திட்டியிருக்கக் கூடாது.”

அதுவரை மூலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார்.

“மாப்ளைய எங்க திட்டினா, அண்ணே? அன்னிக்கு சூப்பு எப்படி வெக்கறதுன்னு அவ பதினாலு தடவை அம்மாவுக்குப் போன் பண்ணினா. அம்மா அவளத் திட்டினதைத்தான் ஒரு வார்த்தை விடாம மாப்ளைக்கு அனுப்பியிருக்கா.”