சொட்டு மழை கிடையாது

"தகரக் கொட்டகையா, துணிப் பந்தலா? சீக்கிரம் சொல்லுங்க சார், வண்டியில ஏத்தணும்," என்று பந்தல்காரர் டெலிபோனில் அவசரப்படுத்தினார்.

ராஜகோபாலன் ஜன்னல் வழியாகத் தியாகராய நகர் வானத்தை ஒரு தரம் பார்த்தார். மேசைமேல் இருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இடது முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"துணியே போதும். நாளைக்குச் சொட்டு மழை கிடையாது."

"மேகமா இருக்குதே சார்?"

"அது சும்மா வேடிக்கை பார்க்க வந்த மேகம்யா. போயிடும்."

எதிரே உட்கார்ந்திருந்த அறக்கட்டளைச் செயலாளர் சாருலதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "நிச்சயமாத் தெரியுமா சார்? டெல்லியிலேர்ந்து ஆள் வரார்."

"மேடம், ஆனி பொறந்து ரெண்டு நாள் ஆறது. ஆனியில மெட்ராஸ்ல மழை பேஞ்சா நான் மீசையை எடுத்துடறேன்."

அவருக்கு மீசை கிடையாது. அதனால் சபதம் செய்வதில் அவருக்கு என்றைக்குமே தயக்கம் இருந்ததில்லை.

ராஜகோபாலன் வேலை பார்த்தது பசுந்தளிர் அறக்கட்டளையில். மழை முன்னே மாதிரி இல்லை, காலம் தப்பிப் பெய்கிறது, பெய்யாமலே ஏமாற்றுகிறது. வறட்சியில் அடிபட்ட கிராமத்து ஜனங்கள் அதற்குத் தகுந்தபடி விவசாயத்தை மாற்றிக்கொள்ள உதவ வேண்டும் என்பதுதான் அறக்கட்டளையின் நோக்கம். சோதனைக்கென்று எடுத்துக்கொண்ட ஊர், ராமநாதபுரம் பக்கத்தில் முள்ளிப்பொட்டல். வாராவாரம் அந்த ஊருக்கு ஒரு போஸ்ட் கார்டு போகும். 'இந்த வாரம் மழை உண்டு, விதைக்கவும்' அல்லது 'மழை இல்லை, விதைக்க வேண்டாம்.' எழுதுவது ராஜகோபாலன். பஞ்சாங்கம், ரேடியோவில் சொல்லும் வானிலை, தன்னுடைய இடது முழங்கால் வலி, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதுவார்.

இந்தக் கணக்கு வீட்டில் செல்லாது. மேற்கு மாம்பலத்தில் அவர் மனைவி விஜயலக்ஷ்மி, இவர் பேச்சைக் கேட்டு மொட்டைமாடியில் வடாம் பிழிந்து மூன்று தடவை கூழாகவே திரும்ப அள்ளிக்கொண்டு வந்தவள். ஆனால் முள்ளிப்பொட்டலில் செல்லுபடியானது. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் விதைத்த விதை கருகித் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, முள்ளிப்பொட்டலில் மட்டும் மூன்று வருஷமும் களம் நிறையக் குதிரைவாலி! இது எப்படி என்று டெல்லிக்கே ஆச்சரியம். அதைப் பார்க்கத்தான் வெங்கடரமணன் என்ற அதிகாரி வருகிறார். முள்ளிப்பொட்டல் வரை போக அவருக்கு நேரமில்லை என்பதால், கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய காலி மைதானத்தில் ஒரு கண்காட்சி.

அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டால் திட்டம் இன்னும் மூன்று வருஷம் ஓடும், ராஜகோபாலன் வேலை நிரந்தரமாகும். போடாவிட்டால் மயிலாப்பூரில் மைத்துனன் நடத்தும் அப்பளக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மைத்துனன் ஏற்கெனவே ஒரு ஸ்டூல் வாங்கி வைத்துவிட்டதாகக் கேள்வி.

அன்று சாயங்காலம் முள்ளிப்பொட்டலிலிருந்து சாட்சி சொல்ல வெள்ளைச்சாமியும் அவர் சம்சாரம் பங்கஜமும் வந்து சேர்ந்தார்கள். ராஜகோபாலன் வீட்டில்தான் ஜாகை.

"ஐயா கார்டு வராம எங்க ஊர்ல ஒருத்தரும் ஏர் பூட்ட மாட்டோமுங்க," என்றார் வெள்ளைச்சாமி.

"கேட்டுக்கோடி விஜயம், நன்னாக் கேட்டுக்கோ," என்றார் ராஜகோபாலன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கேட்டேன், கேட்டேன். எந்தப் புத்துல எந்தப் பாம்போ," என்று சொல்லிவிட்டு விஜயலக்ஷ்மி காபி கலக்கப் போனாள்.

பங்கஜம் மரியாதையாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "ஐயா, நாளைக்கு இங்க மழை வருங்களா?"

"சொட்டு மழை கிடையாதும்மா."

"நல்லாத் தெரியுங்களா ஐயா?"

"எழுதிக் கொடுக்கட்டுமா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஆர்வமாகத் தன்னிடம் மழை கேட்டவர்கள் இந்த உலகத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் என்று ராஜகோபாலனுக்குக் கண் கலங்கியது.

காலையில் கிளம்பும்போது வெள்ளைச்சாமி கையில் பெரிய கறுப்புக் குடை. பங்கஜம் தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு வெள்ளைச்சாமி?"

"வெயிலுக்குங்க," என்றார் அவர்.

எட்டரைக்கு மைதானம் ஜோராக இருந்தது. தொட்டி தொட்டியாகக் கேழ்வரகு, வரகு, குதிரைவாலி. நடுவில் களிமண்ணால் செய்த முள்ளிப்பொட்டல்: வெடித்த வயல், காய்ந்த கண்மாய், மழைத்தண்ணீரைச் சேமிக்கும் ஒரு குட்டிப் பண்ணைக்குட்டை. பின்னால் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு துணிப் பேனர், 'வறட்சியை எதிர்கொள்வோம்!'

எட்டே முக்காலுக்கு வானம் கிழிந்தது.

"தூறல்தான். பத்து நிமிஷத்துல நின்னுடும்," என்றார் ராஜகோபாலன். அவர் சொன்னதைக் கேட்டதும் வெள்ளைச்சாமி வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் துணிப் பந்தலுக்குத் தொந்தி விழுந்தது. தொந்தி பெருத்துக்கொண்டே வந்து முள்ளிப்பொட்டலின் தலைக்கு மேல் தொங்கியது.

"குத்திடாதீங்க சார்! ஓரமா சாய்ச்சு எறக்கிடலாம்," என்று பந்தல்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

ராஜகோபாலன் அதற்குள் மூங்கிலை எடுத்துக் குத்திவிட்டார். அத்தனை தண்ணீரும் ஒரே பாய்ச்சலாக இறங்கியது. வெடித்த வயல் கரைந்தது, கண்மாய் கரைந்தது, ஊரே கரைந்து செருப்புக்கடியில் சேறாக ஓடியது. பண்ணைக்குட்டை மட்டும் ததும்பத் ததும்ப நிரம்பியது. அன்றைய நிகழ்ச்சியில் திட்டப்படி நடந்தது அது ஒன்றுதான்.

அவர் நனைந்த கோழியாகப் பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரு ரூபாய்ப் போனில் தியாகராய நகர் விருந்தினர் விடுதியைப் பிடித்தார்.

"மேடம், மைதானம் வேண்டாம். சாரை நேரா நம்மாத்துக்கு அழைச்சிண்டு வந்துடுங்கோ. எல்லாத்தையும் அங்க கொண்டுவந்துடறேன்."

"மேற்கு மாம்பலத்துக்கா? அங்க தண்ணி நிக்குமே சார்!" என்றாள் சாருலதா.

"எங்க தெரு மேடு மேடம். உள்ளங்கால் நனையாது. சப்வே வழியா வந்தா அஞ்சு நிமிஷம்."

மிச்சமிருந்த தொட்டிகளை ஏற்ற அவருக்குக் கிடைத்தது ஒரு மீன்பாடி வண்டி. மூன்று சக்கரம், மூன்று தலைமுறை மீன் வாசனை. வெள்ளைச்சாமியும் பங்கஜமும் குடைக்குள் சொகுசாக ஏறிக்கொண்டார்கள். ராஜகோபாலன் பேனரைச் சுருட்டிக் கட்டிப்பிடித்தபடி வரகுக்கும் குதிரைவாலிக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

வண்டிக்காரர் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் அது பேனர்ல?"

"வறட்சியை எதிர்கொள்வோம்."

"எங்க சார் கீது அது? சொல்லு, அங்க வுடறேன். இங்க இட்டுப்பு வரிக்கும் தண்ணி!"

"நீர் பாதையைப் பார்த்து ஓட்டுமய்யா!"

"பாத எங்க கீது பாக்கறதுக்கு?"

ஒருவழியாக மேற்கு மாம்பலம் வந்து சேர்ந்தபோது, சப்வே வாயில் ஒரு கூட்டம். உள்ளே ஒரு வெள்ளை அம்பாசடர் ஜன்னல் வரைக்கும் முழுகி நின்றது. அதன் கூரைமேல் டை கட்டிய ஒரு மனிதர் ஷூவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாருலதா ஃபைல்களைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். ராஜகோபாலனைப் பார்த்ததும் அவள் பார்த்த பார்வையில் அவருக்கு அப்பள வாசனை அடித்தது.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே சார்!"

"வரேன் மேடம், வந்துட்டேன்!"

மீன்பாடி வண்டி படகு மாதிரி உள்ளே போனது. டெல்லி அதிகாரி வெங்கடரமணன் கேழ்வரகின் மேல் உட்காரவைக்கப்பட்டார். அவர் தலை நனையாமல் இருக்க ராஜகோபாலன் பேனரை விரித்துப் போர்த்தினார். 'வறட்சியை எதிர்கொள்வோம்' என்று தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கழுத்து வரை மழையில் ஊறி, அதிகாரி மேற்கு மாம்பலத் தெருக்களில் பவனி வந்தார். வீட்டுக்கு வீடு மாடியிலிருந்து கைதட்டினார்கள். எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்கிறார் என்று நினைத்து ஒரு மாமி, "மொதல்ல சாக்கடையைச் சரிபண்ணுங்கோ!" என்று கத்தினாள்.

மேட்டுத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. ராஜகோபாலன் வீட்டுக் கூடத்தில் கணுக்காலுக்கு இருந்தது. விஜயலக்ஷ்மி அரிசி டின்னை அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, உள்ளங்கால் நனையாதுன்னு சொன்னேளாமே. வாஸ்தவம். அதுக்கு மேலதான் நனையறது," என்றாள்.

அதிகாரியை ஊஞ்சலில் ஏற்றினார்கள். ராஜகோபாலனின் எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து, பித்தளை டம்ளரில் காபி குடித்தார். தும்மினார். அதற்கப்புறம் ஆரம்பித்தார். பூர்வீகம் இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது, திட்டும்போது தமிழ் சுத்தமாக வந்தது.

"இந்த மனுஷன் சொல்ற மழையை நம்பி ஒரு ஊரே விதைக்கறதா? பஞ்சாங்கம்! முழங்கால்! ஜனங்களோட வயித்துல விளையாடறீங்களா?"

"சார், மூணு வருஷமா முள்ளிப்பொட்டல்ல..." என்று சாருலதா ஆரம்பித்தாள்.

"அதிர்ஷ்டம்! வேற என்ன? காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்தப் போஸ்ட்டை இன்னியோட எடுத்துடறேன். திட்டம் நடக்கட்டும், ஆனா இவர் வேண்டாம். முள்ளிப்பொட்டலுக்கு ஒரு கம்ப்யூட்டர் தரேன்."

வேலை போனதைவிட, வாராவாரம் கார்டுக்குக் காத்திருக்கும் அந்த ஜனங்களை நினைத்துத்தான் ராஜகோபாலனுக்கு அதிக வருத்தம். முள்ளிப்பொட்டலை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் அந்த ஊர் வானம்தான் நினைப்பில் ஓடும். அவர் தண்ணீரில் நின்றபடியே வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நீங்க சொல்றது சரிதான். இன்னிக்குத் தப்பிப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த மழை லேசுல விடாது. மூணு நாளைக்கு நிக்காமப் பெய்யும். நீங்க இங்கயே ஜாக்கிரதையாத் தங்கிடுங்கோ," என்றார்.

வெள்ளைச்சாமி சட்டென்று குடையை மடக்கினார். ஈர வேட்டியைப் பிழிந்து வாசல் கம்பியில் காயப்போட்டார். அவர் திரும்பி வருவதற்குள் மழை பட்டென்று நின்று, ஊஞ்சல் பலகைமேல் சுள்ளென்று வெயில் விழுந்தது.

அதிகாரி வெயிலைப் பார்த்தார். ராஜகோபாலனைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்த பங்கஜம் பயந்து பயந்து முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்தக் கம்ப்யூட்டரு மழையைச் சரியாச் சொல்லிருங்களா?"

"எப்பவும்னு சொல்ல முடியாதும்மா," என்றார் அதிகாரி நேர்மையாக. "பத்துக்கு அஞ்சு சரியா இருக்கும். அஞ்சு தப்பலாம்."

பங்கஜத்துக்கு முகம் செத்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அப்ப வேணாமுங்கய்யா. எங்களுக்கு இந்த ஐயாவே போதும்," என்றாள்.

"ஏம்மா, இவ்வளவு பார்த்துமா?" என்றார் அதிகாரி.

ராஜகோபாலன் நெஞ்சு நிறைந்து, பங்கஜத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பார்த்ததாலதாங்க சொல்றேன். பத்துக்கு அஞ்சுன்னா நாங்க எதைன்னு நம்புறது? இந்த ஐயா மூணு வருசத்துல ஒருவாட்டிகூடச் சரியாச் சொன்னதில்லைங்க. 'விதைங்க'ன்னு கார்டு வந்தா விதையைக் குலுக்கையில கொட்டி மூடிருவோம், 'விதைக்காதீங்க'ன்னு வந்தா அன்னைக்கே ஏரைப் பூட்டிருவோம்!"