பாட்டுப் பெட்டியும் கப்பல் சங்கும்

"அடுத்த கப்பல் மெட்ராஸுக்குக் கிளம்பறதுக்குள்ள நம்ம வீட்டுல பாட்டுப் பெட்டி பாடும். பாடலைன்னா என் பேர் குருநாதன் இல்லை!"

சபதம் போட்ட இடம் சமையலறை. கையில் இருந்தது ஒரு கிராமபோன் தட்டு. அது சற்று முன்புவரை அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. நடுவில் ஓட்டை இருப்பதால் அரிசிக்குக் காற்றோட்டமாம்.

"பேரை மாத்தினா ரேஷன் கார்டுலயும் மாத்தணுங்க," என்றாள் என் மனைவி ஜெயமணி. "தட்டைக் கொடுங்க. எறும்பு ஏறிடும்."

என் கதை இதுதான். முன்பு மாற்றலாகிப் போன ஒரு டாக்டரிடம் பெட்டி நிறையப் பழைய தட்டுகள் வாங்கினேன். கொள்ளை மலிவு. ஆனால் மெஷினை வேறொருவர் கொண்டுபோய்விட்டார். அன்று முதல் நாங்கள் குடியிருக்கும் மரைன் ஹில் முழுக்க என்னைக் கண்டாலே, "குருநாதன் சார், இன்னிக்கு என்ன பாட்டு?" என்று கேட்டது. மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

போர்ட் பிளேரில் மலிவாக வாங்க வேண்டுமானால் கடைக்குப் போகக்கூடாது. மாற்றல் உத்தரவு வந்த வீட்டுக்குப் போக வேண்டும். மெயின்லேண்டுக்குத் திரும்புகிற ஆபீசர் கட்டில், பீரோ, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்ற முடியாது. விற்றுவிட்டுத்தான் போவார். கப்பல் தேதி தெரிந்ததும் ஒரு விலை. கப்பல் வந்து நின்றதும் ஒரு விலை. கிளம்பும் சங்கு ஊதிவிட்டால், எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்கிற விலை. இந்த சாஸ்திரத்தை என்னளவுக்கு ஆராய்ந்தவர் தீவிலேயே கிடையாது. எனக்குச் சாத்தம் மர மில்லில் குமாஸ்தா வேலை. ஜன்னலைத் திறந்தால் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி. கப்பல் தும்மினால் எனக்குத்தான் முதலில் கேட்கும்.

மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நூருல்லா பாயின் பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. விலை சல்லிசு. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் காதல் பாட்டு, முடிவில் ஒப்பாரி. மெட்ராஸிலிருந்து புதிதாக வரவழைக்கலாம். அதற்கு வீட்டை விற்க வேண்டும். வீடோ சர்க்காருடையது. மிச்சம் இருந்தது, மாற்றலாகிப் போகும் எஞ்சினியர் சிவஞானத்தின் கரண்ட் மெஷின். பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர். பழைய தட்டோ புதுத் தட்டோ, அதற்கேற்ற வேகத்தில் சுற்றும். பார்த்ததும் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் முகம்? கருங்கல்.

"ஊசி தேஞ்சிருக்கே சார். சுத்தறப்ப லேசா ஆடுது. மூடியில கீறல் வேற."

அவர் சொன்ன விலை என் சம்பளத்தை எட்டிப் பார்த்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கம்பீரமாக வெளியே வந்தேன்.

"வாங்கிட்டீங்களா?" என்றாள் ஜெயமணி.

"இப்பவா? பைத்தியமா?"

"பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் வாங்கலை."

"அச்சா."

"உட்காரு, சொல்லித் தர்றேன். முதல்ல, ஆசையைக் காட்டவே கூடாது. அப்புறம் குறையா அடுக்கணும்."

"என்னென்ன குறை சொன்னீங்க?"

ஊசி, ஆட்டம், கீறல் என்று ஒப்பித்தேன். கண்ணை அகலமாக்கிக்கொண்டு கேட்டாள். இப்படி ஒரு மாணவி கிடைத்தால் யார்தான் வாத்தியாராக மாட்டார்கள்?

"இத்தனை குறைக்கும் எவ்வளவு கொடுக்கலாம்?"

"பாதி. அதுக்கு மேல ஒரு பைசா கொடுக்கிறவன் முட்டாள். சங்கு ஊதட்டும், ஜெட்டியிலேயே வச்சு அமுக்கிடறேன்."

"அச்சா. மிச்சப்படற காசுல, நூருல்லா பாய் கடையில ஒரு பழைய தையல் மெஷின் வந்திருக்குங்க..."

"ஒரு வீட்டுக்கு ஒரு மெஷின் போதும்! வேணும்னா முட்டை வித்த காசுல வாங்கிக்கோ."

ஜெயமணி கோழி வளர்க்கிறாள். முட்டைக் காசு அவளுடையது. அந்தக் காசில் தையல் மெஷினா என்று நானே சிரித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "அச்சா," என்று சொல்லிவிட்டுக் கோழிகளை அடைக்கப் போனாள்.

கப்பல் வந்தது. கிளம்பும் நாளும் வந்தது. சங்கு ஊதியதும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். எஞ்சினியர் கப்பலேணியில் ஒரு கால் வைத்திருந்தார். என்ன பொருத்தமான நேரம்!

"சார், போனாப் போகுது. பாதி விலைக்கு அந்த மெஷினை நானே எடுத்துக்கறேன்."

"மெஷினா? நீங்க வந்துட்டுப் போன மறுநாளே வித்தாச்சே!"

"யாரு கிட்ட?"

"உங்க பக்கத்து வீட்டு நூருல்லா பாய் சம்சாரம், சம்சாத். ஊசி தேஞ்சிருக்கு, ஆடுது, மூடியில கீறல்னு நீங்க சொன்னதையே வரிசை மாறாம சொன்னாங்க. எனக்கே வெட்கமாப் போச்சு. பாதிக்குக் கொடுத்துட்டேன்."

கப்பல் இன்னொரு தடவை ஊதியது. என்னைப் பார்த்து ஊதியதாகவே பட்டது.

எங்கள் வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் பாட்டு கிளம்பியது. காதைக் கூர்மையாக்கினேன். என் தட்டு! அரிசிப் பானை மூடி!

"சம்சாத் அக்கா இரவல் கேட்டாங்க," என்றாள் ஜெயமணி. "பானைக்குத் தாம்பாளம் வச்சிருக்கேன்."

தினமும் மரைன் ஹில் ஜனம் சம்சாத் வாசலில் கூடியது. தட்டு என்னுடையது, பேர் அவளுக்கு. வயிறு எரிந்தது. ஒரு நாள் வேலியோரம் போனேன். முகம் கருங்கல்.

"மெஷின்ல ஊசி தேஞ்சிருக்கே, சம்சாத்."

"இருக்கட்டும்ணே. பாட்டு நல்லாத்தானே கேக்குது?"

"மூடியில கீறல்..."

"மூடியைத் திறந்து வச்சுத்தானே பாட்டு போடறோம்?"

"பாதி விலைக்குக் கொடுத்துடறியா?"

"பில்குல் முடியாதுண்ணே. நான் என்ன கப்பலா ஏறப்போறேன்?"

என் சாஸ்திரத்தில் கப்பல் ஏறாதவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதை அப்போதுதான் கவனித்தேன். கடைசியில் எஞ்சினியர் முதலில் சொன்ன விலையையே சம்சாத் சொன்னாள். முழுசாக எண்ணிக் கொடுத்தேன். ஆனாலும் ஒரு டப்பி ஊசி இனாமாகக் கறந்தேன் என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

அன்று சாயங்காலம் என் வாசலில் நாற்காலி போதவில்லை. நடுவில் நான். தட்டு சுழன்றது. பாட்டு துறைமுகம்வரை கேட்டிருக்கும். "குருநாதன் சார், பிரமாதம்!" என்றார்கள். மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. இந்தத் தீவில் இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

திடீரென்று பாட்டுக்கு நடுவே கடகடவென்று ஒரு சத்தம். ஊசியாக இருக்கும் என்று தூக்கினேன். பாட்டு நின்றது. கடகட நிற்கவில்லை.

உள்ளே போனேன். ஜெயமணி ஒரு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பூப்போட்ட துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது?"

"நூருல்லா பாய் கடையில இருந்ததுதாங்க."

"காசு?"

"உங்க பாட்டுப் பெட்டியை முட்டைக் காசு போட்டு நான்தான் வாங்கச் சொன்னேன். சம்சாத் அக்கா போய்ப் பாதி விலைக்கு முடிச்சாங்க. நீங்க முழு விலை கொடுத்தீங்க. அந்த லாபத்துல இது. அந்தத் துணியை மிதிக்காம கொஞ்சம் நகருங்க, பெட்டிக்கு உறை தைக்கறேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமைதான் வந்தது. என் பாடத்தை ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறாளே!

"வாங்கறது எப்படின்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?" என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஆமாங்க," என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "விக்கறது எப்படின்னுதான் நீங்க சொல்லித் தரலை. அதான், சுலபமான ஒரு ஆளாப் பார்த்து நானே பழகிக்கிட்டேன்."