ஒன்பது பிரதிகளும் ஓர் எலிக்குட்டியின் மூக்கும்

இதுவரை பூமியில் தோன்றிய குடும்பங்களிலேயே உன்னதமானது எங்கள் துறைத்தலைவரின் குடும்பம்தான். இது முகஸ்துதி அல்ல. மரபியல் ஆய்வகத்தில் மூன்று வருடம் தற்காலிக உதவியாளராகக் குப்பை கொட்டிய தகுதியில் சொல்கிறேன்.

மரபணுக் குடும்பம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும். நகலெடுக்கும்போது உயிரணு கைதவறி அதை இரண்டு தடவை எழுதிவிடும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். சில பிரதிகள் புது வேலை கற்றுக்கொள்ளும். சில, மூலத்தின் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சமெல்லாம் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குப் போலி மரபணு என்று பெயர். வாசனை பிடிக்க எலிக்கு இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தேவைப்பட்டன. எங்கள் துறைக்கு ஒன்பது போதுமானதாக இருந்தது.

நான் கண்டுபிடித்தது இதுதான்: செத்துவிட்டதாகப் பட்டியலில் எழுதி வைத்திருந்த ஒரு மூக்கு மரபணு சாகவே இல்லை. எலிக்குட்டி பிறந்த முதல் வாரத்தில் மட்டும் வேலை பார்த்துவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்கிறது. எல்லாரும் வளர்ந்த எலியிலேயே தேடியதால் யார் கண்ணிலும் படவில்லை. குட்டியின் மூக்குச் சவ்வைப் பிரித்து, பனிக்கட்டியில் வைத்து, அரைத்து, நாலு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில், மரபணு வேலை பார்த்ததற்குச் சாட்சியாகச் சவ்வில் இருக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அந்த நாலு நிமிடம் என் கைக்குப் படிய பதினான்கு மாதம் ஆயிற்று.

கட்டுரையில் என் பெயர் வந்தால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யாரைப் பிடித்தால் எது நடக்கும் என்று சொல்லித்தர அங்கே ஆளில்லை.

முதலில் கட்டுரையில் இரண்டே பெயர்கள். நானும் தலைவரும். பிறகு பரிணாமம் தொடங்கியது.

"மேடத்தையும் சேர்த்துடும்மா," என்றார் தலைவர். மேடம் அவர் மனைவி, அடுத்த அறையில் பேராசிரியர்.

"மேடம் இதுல என்ன சார் செஞ்சாங்க?"

"ஊக்கம் குடுத்தாங்க."

"எனக்கா சார்?"

"எனக்கு."

அடுத்த வாரம் மருமகன் உதித்தார். அதற்கடுத்து மருமகனின் தம்பி. பிறகு மேடத்தின் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக. என் பெயர் பண்போடு நகர்ந்து கொடுத்துக்கொண்டே வந்து பத்தாவது இடத்தை அடைந்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்விதழ் ஒரு படிவம் அனுப்பியது. யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். தட்டச்சு செய்யும் அக்கா படிவத்தோடு தலைவர் முன்னால் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"சார், ஆளு பத்து இருக்கு. வேலை ஒண்ணுதானே இருக்கு?"

"பிரிச்சுப் போடும்மா. சவ்வை எடுத்தது மேடம். ஐஸ்ல வெச்சது மாப்பிள்ளை. அரைச்சது அவர் தம்பி."

"கடிகாரம் பாத்தது?"

"அதுக்கும் ஆள் இருக்கு, எழுது."

இருபது நிமிடத்தில் என் பதினான்கு மாதமும் ஒன்பது துண்டுகளாக, சிந்தாமல் சிதறாமல், விநியோகம் ஆயிற்று. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு சார்?"

தலைவர் உண்மையிலேயே வருந்தினார். "வேலை எல்லாம் தீர்ந்துபோச்சேம்மா. செய்யாத வேலைக்குப் பேர் போட்டா அது மோசடி. பத்திரிகைக்காரங்க ரொம்பக் கண்டிப்பு."

கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், எனக்கு நன்றி சொல்லப்பட்டது. அன்று சாயங்காலம் அம்மா தொலைபேசியில் கேட்டாள்.

"உன் பேரு வந்துருச்சா?"

"நன்றின்னு ஒரு பகுதி இருக்கும்மா, அதுல வந்திருக்கு."

"கைநீட்டி வாங்குனவன்தானே நன்றி சொல்வான்? உன்கிட்டருந்து என்னத்த வாங்குனாங்க?"

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு விளங்கிய விஷயம் ஒன்பது முனைவர்களுக்கு விளங்கவில்லை. மாதம் முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது. நான் வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் ஆய்விதழ் மறுபடி எழுதியது. முடிவு வியப்பளிக்கிறது, இன்னும் மூன்று குட்டிகளில் செய்து காட்டுங்கள், ஆறு வாரம் அவகாசம் என்று. நடந்ததை அக்காதான் தொலைபேசியில் சொன்னார்.

"ஃபாரத்துல இருக்கிறபடியே செய்யறாங்கடி. மேடம் சவ்வை எடுத்து நீட்டுறாங்க, மாப்பிள்ளை கையுறை தேடுறாரு. ஐஸ் எங்கன்னு கேக்குறாரு. ஐஸ் கொண்டுவர ஃபாரத்துல ஆளே போடல."

"அப்புறம்?"

"கடிகாரம் பாத்தவர் மட்டும் கரெக்டா சொன்னாரு. பதினேழு நிமிஷமாம்."

மூன்று குட்டிகளும் வீண். அடுத்த மூன்றும் வீண். அவகாசத்தின் கடைசி வாரம் தலைவரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் வழிந்தது.

"ஒரே ஒரு நாள் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போம்மா. நாமெல்லாம் ஒரே 'குடும்பம்'."

"படிவத்துல எனக்கு எந்த வேலை சார்?"

"அது கையெழுத்தாகிப் போயிடுச்சும்மா. வேணும்னா அந்த நன்றியைத் தடிச்ச எழுத்துல போடச் சொல்றேன்."

"வேண்டாம் சார். அந்த வேலையில எனக்குப் பங்கே இல்லைன்னு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பெரியவங்க வாக்கை நான் பொய்யாக்கலாமா?"

"படிச்ச திமிரு," என்றார். மூன்று வருடத்தில் நான் படித்தவள் என்று அவர் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. என் பட்டம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது.

ஒரு குடும்பத்தில் எந்த மரபணு உண்மையில் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், எங்கள் துறையில் எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றை நீக்கிவிட்டு, உயிர் பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். என்னை நீக்கிப் பார்த்தாயிற்று. இனி அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக நீக்கிப் பார்க்குமாறு மேலிடத்தைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பயப்பட வேண்டாம். ஒன்றும் ஆகாது.